பெரியப்பாவும் ஒரு 'நானா'வும்

பதிவு போட்டு ரெண்டு மாசம் ஆச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, வேற காரணம் ஒண்ணும் இல்லை. போன வாரம் சத்தியமங்கலம் போயிருந்தப்ப ஒரு பழைய காகிதம் கையில் மாட்டியது. அதைப் பிடிச்சுக்கிட்டே போனதில் வந்ததுதான் இது. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க மக்களே.

எங்க பெரியப்பாவைப் பேர் சொல்லிக் கேட்டா ஊர்ல பாதிப் பேருக்குத் தெரியாது. 'பட்டாளத்தார்'னு கேட்கணும். 1986-ல் சேர்ந்தவர். ஒன்பதாவது வருஷம் வலிப்பு வந்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. பத்து வருஷம்கூட முடியாததால் கையில் ஒரு தொகை குடுத்ததோட சரி, மாசப் பென்ஷன் கிடையாது. அப்புறம் பூ மார்க்கெட்டில் ஒரு மல்லிப்பூ வியாபாரிகிட்ட கணக்கு எழுதப் போயிட்டார். வண்டி ஓட்டக்கூடாது, கிணத்து மேட்டில் தனியா நிக்கக்கூடாது, இதெல்லாம் பெரியம்மா போட்ட சட்டம். நான் சின்னப் பையனா இருந்தப்ப அவர் விழுந்தா சாவியைத் தேடி ஓடுறது என் வேலை. (சாவியால ஒரு பிரயோஜனமும் இல்லைன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது!)

அவரோட தகரப் பெட்டியில் இருந்த காகிதம் 1996-ல் வந்தது. ஊனமுற்றோர் பென்ஷன் கேட்டதுக்குப் பதில். இருபது சதவீத ஊனம்னு ஒத்துக்கறாங்க. ஆனா இந்த நோய் ராணுவப் பணியால் வந்ததும் அல்ல, பணியால் கூடியதும் அல்ல. அவ்வளவுதான், ஒரே வரி. ஏன் அல்லன்னு ஒரு வார்த்தை இல்லை. அந்த ஆங்கில வாசகத்தைச் சுருக்கி 'நானா'ன்னு சொல்வாங்களாம். தமிழ்க் காதுக்கு அது "என்னோட தப்பா?"ன்னு கேக்குற மாதிரியே இருக்கு.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

சிப்பாய்க்கு வந்த நோய்க்கு யார் பொறுப்புங்கறது பழைய சண்டை. இரண்டாம் உலகப் போர் நடக்கறப்பவே, 1943-ல், பிரிட்டன் தன் பென்ஷன் விதியை மாத்தியது. நோய் பணியால் வந்ததுன்னு சிப்பாய் நிரூபிக்க வேண்டியதில்லை, இல்லைன்னு அரசாங்கம்தான் காட்டணும். 1947-ல் மில்லர்ங்கற ராணுவ அதிகாரியின் மனைவி போட்ட வழக்கில்தான் நீதிபதி டென்னிங், 'நியாயமான சந்தேகத்துக்கு அப்பால்' என்றால் என்னன்னு விளக்கினார். சட்டம் படிக்கற பசங்க கொலை வழக்குக்காக மனப்பாடம் பண்ற அந்தத் தீர்ப்பு, உண்மையில் ஒரு பென்ஷன் வழக்கு!

நம்ம ஊருக்கு இந்த யோசனை எழுத்தில் தெளிவா வந்தது 1982-ன் தகுதி விதிகளில். ஐந்தாவது விதி: சேரும்போது மருத்துவப் பரிசோதனையில் ஒண்ணும் குறிக்கலைன்னா, ஆள் நல்லா இருந்தார்னுதான் எடுத்துக்கணும். பின்னாடி உடம்பு கெட்டா அது பணியாலன்னு எடுத்துக்கணும். ஒன்பதாவது விதி: நிரூபிக்கற சுமை சிப்பாய் மேல இல்லை, சந்தேகம் வந்தா அதன் பலன் அவருக்கு. பதினாலாவது விதி: சேரும்போது கண்டுபிடிச்சிருக்கவே முடியாத நோய்னு மருத்துவர்கள் சொல்லலாம், ஆனா காரணத்தை எழுதணும்.

நம்ம பாஷையில் சொன்னா, டீஃபால்ட் வேல்யூ 'ஆமாம்'. டாக்குமெண்ட்ல அப்படித்தான் இருக்கு. கோடு எழுதினவன் 'இல்லை'ன்னு போட்டுட்டான். முப்பது வருஷம் புரொடக்‌ஷன்ல ஓடியிருக்கு அந்த பக்!

அதுக்கு முட்டுக்கட்டை போட்டது தரம்வீர் சிங் வழக்கு. 1985-ல் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்த சிப்பாய். 1994-ல் வலிப்பு நோய்னு வெளியே அனுப்பினாங்க. இருபது சதவீதம், பணிக்குச் சம்பந்தம் இல்லை. படிக்கும்போது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, அப்படியே பெரியப்பா கதை. இமாசலப் பிரதேச உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதிகிட்ட ஜெயிச்சார், 2009-ல் டிவிஷன் பெஞ்சில் தோத்தார். 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த விதிகளை ஒவ்வொண்ணாப் படிச்சுது. மருத்துவ வாரியம் காரணமே எழுதலை, சேரும்போது நோய்னு ஒரு குறிப்பும் இல்லை, அதனால் பென்ஷன் குடுன்னு சொல்லிடுச்சு. புதுசா எதுவும் கண்டுபிடிக்கலை, இருந்த விதியைப் படிச்சாங்க. அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் எல்லாரும் ஜெயிச்சுட்டாங்கன்னு இல்லை. 2019-ல் ஒரு மனநோய் வழக்கில் சிப்பாய்க்கு எதிராத் தீர்ப்பு வந்தது. 21.9.2023 முதல் புது விதிகளும் வந்தாச்சு. ஆனா அதுக்கு முன்னாடி வெளியே வந்தவங்களுக்குப் பழைய விதிதான். 2007-ல் போட்ட சட்டப்படி 2009-லிருந்து ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கு, சென்னையிலும் ஒரு கிளை உண்டு. நோயால வெளியே அனுப்பப்பட்டவங்களுக்கு 1996-லிருந்து இன்னொரு சலுகை: ஐம்பதுக்குக் கீழே இருக்கற ஊனத்தை ஐம்பது சதவீதம்னு வெச்சுக் கணக்குப் போடுவாங்க.

ஒரே ஒரு இடி. தர்சேம் சிங் வழக்கு, 2008. அவர் 1983-ல் வெளியே வந்து 1999-ல்தான் கோர்ட்டுக்குப் போனார். டிவிஷன் பெஞ்ச் பதினாறு வருஷ பாக்கியும் குடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம், பென்ஷன் மாசாமாசம் தொடர்ற உரிமை, எப்ப வேணா கேட்கலாம், ஆனா பாக்கி மூணு வருஷத்துக்குத்தான்னு வெட்டிடுச்சு. விஷயம் தெரியாம இருந்ததுக்கு அபராதம் சிப்பாய்க்கு, விதியைப் படிக்காம அனுப்பின ஆபீசுக்கு ஒண்ணும் இல்லை. எனக்கு இது ஜீரணமே ஆகலைங்க.

இதையெல்லாம் திண்ணையில் உக்காந்து பெரியப்பாகிட்ட சொன்னேன்.

"ஏனுங்க பெரியப்பா, அப்பவே அப்பீல் பண்ணியிருக்கலாமே?"

"இங்கிலீஷ்ல இருந்துச்சு கண்ணு. வாத்தியார்கிட்டக் குடுத்தேன். 'உன்ர சீக்குக்கும் பட்டாளத்துக்கும் சம்பந்தமில்லையாம்'னார். அப்பறம் ஊருக்குள்ள, வலிப்பை மறைச்சுட்டுப் பட்டாளத்துக்குப் போனவன்னே பேசிப்போட்டாங்க. உங்க பெரியம்மா வீட்டுலகூட."

மூணு வருஷ பாக்கி எவ்வளவு வரும்னு கணக்குப் போட ஆரம்பிச்சேன். கையை ஆட்டித் தடுத்தார்.

"அது கெடக்கட்டும். சேரும்போது எனக்கு ஒண்ணும் இல்லைன்னு எழுதிக் குடுப்பாங்களா?"

"அங்கிருந்துதானுங்க ஆரம்பிக்கவே செய்வாங்க."

உள்ளே போய் டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்துட்டு வந்தார். மஞ்சப்பையில் மடிச்சு வெச்சாச்சு. எனக்குத் திங்கக்கிழமை லீவு. ரெண்டு பேரும் காலைல முதல் பஸ்ல ஈரோடு போறோம், முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு.