மூத்தோர் சொல்லும் சான்றே

திண்டுக்கல் சமவெளிக்கு மேற்கே விளங்கும் பழனிமலைத் தொடரில் பளியர் என்னும் தொல்குடியினர் வாழ்கின்றனர். தேனும் கிழங்கும் தேடி வாழ்ந்த அவர்க்குக் காடே வீடு.

1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம், காட்டை அரசு காப்புக்காடாக்குமுன் உரிமையுடையோர் குறித்த கெடுவுக்குள் முறையிடல் வேண்டும், தவறின் உரிமை அற்றுப்போகும் என்று விதித்தது. அரசிதழ் படித்தறியா மலைமக்கள் எங்ஙனம் முறையிடுவர்?

தாளை மட்டுமே நம்பும் அத்தவற்றை யானும் ஒருகால் இழைத்தேன். 2000-ஆம் ஆண்டில் பளியர் முதியவர் ஒருவர் தம் பேரனைப் பள்ளியிற் சேர்க்க வந்தார். பிறந்த நாளுக்குச் சான்று கேட்டேன். “குறிஞ்சி பூத்த வருசமுங்க, ஐயா” என்றார். சான்றிதழின்றி வந்தவரைத் திருப்பியனுப்பினேன். பன்னீராண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 1994-இல் பூத்ததை யான் எண்ணிப் பார்க்கவில்லை.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், கிராமசபையின் வாயிலாக உரிமை கோர வழி திறந்தது. அதன் விதிகள் மூத்தோர் வாய்மொழியையும் எழுதிக்கொண்டு சான்றாக ஏற்கின்றன. 2007-இல் ஐக்கிய நாடுகள் அவையில் தொல்குடியினர் உரிமைப் பிரகடனத்தை இந்தியா உள்ளிட்ட 144 நாடுகள் ஆதரித்தன.

எழுத்தறிந்த இளைஞர்களே! எழுதப்படாத உண்மையைச் செவிமடுத்து எழுதிவைப்பதும் கல்வி கற்றார் கடனாகும்.