நாக்கடித் தைராய்டு: படிமவழி நோயறிதலின் வரலாறு

நாக்கடித் தைராய்டு என்பது, கழுத்தின் முன்புறம் அமைய வேண்டிய தைராய்டுச் சுரப்பி பிறவியிலேயே இடம் மாறி நாவின் அடிப்பகுதியில் தங்கிவிடும் நிலையாகும். கருவின் நான்காம் வாரத்தில் நாவடியில் தோன்றும் இச்சுரப்பி, ஏழாம் வாரத்துக்குள் கழுத்துக்கு இறங்கிவிடும். அவ்விறக்கம் தொடக்கத்திலேயே தடைப்படும்போது இந்நிலை உண்டாகிறது. ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம் பேரில் ஒருவருக்கு ஏற்படுவதாக மதிப்பிடப்படும் இது, பெண்களிடமே மிகுதியாகக் காணப்படுகிறது. பாதிக்கப்பட்டோரில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்கு வேறெங்கும் தைராய்டுத் திசு இருப்பதில்லை. ஆகவே நாவில் உள்ள கட்டி எது என்பதோடு, கழுத்தில் சுரப்பி உண்டா என்பதையும் நோயறிதல் தெளிவுபடுத்த வேண்டியுள்ளது.

1869இல் ஹிக்மன் என்னும் மருத்துவர், நாவடிக் கட்டியால் மூச்சடைத்து, பிறந்த சில மணி நேரத்தில் இறந்த சிசுவைப் பற்றி எழுதியதே இந்நிலை குறித்த முதல் பதிவாகக் கருதப்படுகிறது. படிமக் கருவிகள் இல்லாத காலத்தில், அறுத்தெடுத்த பின்னரே கட்டி தைராய்டு என்று தெரியவந்து, நோயாளி கடும் ஹார்மோன் குறைபாட்டுக்கு ஆளானதும் உண்டு.

தைராய்டு அயோடினை ஈர்த்துச் சேர்க்கும் இயல்புடையது என்பதே இச்சிக்கலைத் தீர்க்க வழி காட்டியது. 1938இல் லிவிங்குட், சீபோர்க் ஆகியோர் கதிரியக்க அயோடின்-131ஐக் கண்டறிந்தனர். உடலுக்குள் அது சேர்ந்த இடத்தை வரிவரியாக வருடிப் பதிவு செய்யும் கருவியை 1950களின் தொடக்கத்தில் பெனடிக்ட் காசன் உருவாக்கினார். அப்பத்தாண்டின் பிற்பகுதியில் ஹால் ஆங்கர் அமைத்த காமா கேமரா, உறுப்பு முழுவதையும் ஒரே நேரத்தில் படமாக்கியது. 1960களில் பரவிய டெக்னீசியம்-99எம் என்னும் கதிரியக்கப் பொருள், ஆறு மணி நேரமே அரை ஆயுள் கொண்டதாகையால் நோயாளி பெறும் கதிர்வீச்சைக் குறைத்தது. எனினும் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் அதை ஈர்ப்பதால் படத்தைக் கவனத்துடன் படிக்க வேண்டும்.

பின்னர் வந்த அல்ட்ராசவுண்ட், கழுத்தில் சுரப்பி உள்ளதா என்பதைக் கதிர்வீச்சின்றிக் காட்டுகிறது. சி.டி. ஸ்கேனில், அயோடின் நிறைந்த தைராய்டுத் திசு படத்தைத் தெளிவாக்கும் மருந்து செலுத்தாமலேயே சுற்றுத் தசையைவிட வெளிறித் தெரிகிறது. அயோடின் கலந்த அத்தகைய மருந்தைச் செலுத்தினால், சில வாரங்களுக்குக் காமா கேமராப் படம் தெளிவாகக் கிடைக்காது. கட்டியின் பரப்பையும் மூச்சுப்பாதை அடைந்துள்ள நெருக்கத்தையும் எம்.ஆர்.ஐ. துல்லியமாகக் காட்டுகிறது.

இந்தியாவில் 1963இல் மும்பையில் தொடங்கப்பட்ட கதிரியக்க மருத்துவ மையம், கதிரியக்கப் பொருள்களைக் கொண்டு நோயறியும் அணு மருத்துவத் துறைக்கு அடித்தளமிட்டவற்றுள் ஒன்று. இன்று கோயம்புத்தூரின் பெரிய மருத்துவமனைகள் சிலவற்றில் அணு மருத்துவப் பிரிவுகள் இயங்குவதால், திருப்பூர் வட்டாரத்து நோயாளிகள் இச்சோதனைக்குத் தொலைவு செல்ல வேண்டியதில்லை.

நாவடிக் கட்டி எதையும் அறுவைக்கு முன் இவ்வாறு ஆராய்வது இன்றியமையாதது; அது ஒன்றே தைராய்டு எனத் தெரிந்து, மூச்சடைப்போ குருதிக்கசிவோ இல்லாதபோது, தைராக்சின் மாத்திரையால் அதைச் சுருங்கச் செய்வதே பெரும்பாலும் முதல் சிகிச்சையாகும்.