எல்.சி.யில் எழுதிய தாய்மொழி: மும்பைத் தமிழ் மாணவர்களும் கல்லூரி முத்திரைகளும்

மும்பையில் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை ஜூனியர் காலேஜில் சேரக் கொண்டுபோகும் காகிதங்களில், மதிப்பெண் பட்டியலுக்கு அடுத்த இடம் பள்ளி விடுப்புச் சான்றிதழுக்கு. ‘எல்.சி.’ என்றால்தான் அங்கே எவருக்கும் புரியும். பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் ஆகியவற்றோடு மதம், சாதி, தாய்மொழி மூன்றும் அதில் இருக்கும். பிள்ளையை முதல் வகுப்பில் சேர்த்த அன்று தகப்பனாரோ பக்கத்து வீட்டுக்காரரோ சொன்னதைக் குமாஸ்தா எழுதிக்கொண்டிருப்பார். பத்து வருடம் கழித்து, எந்தக் கல்லூரியின் எந்தக் கதவைத் தட்டலாம் என்பதை அந்த எழுத்துத் தீர்மானிக்கிறது.

மும்பை மாணவர்களிடையே கல்லூரிகளைப் பற்றி வழங்கும் முத்திரைகள் ஊரறிந்தவை. செவியர்ஸ் கிறிஸ்தவர்களுக்கும் ஆங்கிலம் பொழியும் மேட்டுக்குடிக்கும், கால்சா சர்தார்களுக்கு, ரூயா மராத்திக்காரர்களுக்கு, செம்பூர் விவேகானந்த் சிந்திகளுக்கு, எஸ்.ஐ.இ.எஸ். ‘மதராசி’களுக்கு. அந்த மதராசிகளுக்குள்ளேயே கேட்டால், எஸ்.ஐ.இ.எஸ். ஐயர்களுக்கு. வகுப்பறைக்குள் போய்ப் பார்த்தால் இவற்றில் எதுவும் முழு உண்மை அல்ல. ஆனால் இந்த முத்திரைகளை வெறும் அறியாமை என்று தள்ளிவிடவும் முடியாது. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு நிறுவனர், ஒரு நன்கொடைப் பட்டியல், ஒரு குடியிருப்பு இருக்கிறது. வாய்ப்பேச்சாக இருந்த முத்திரை 1990-க்குப் பிறகு நீதிமன்றத் தீர்ப்புகள் வழியாக இட விழுக்காடாக மாறியது. அந்த மாற்றம் மாட்டுங்காத் தமிழரையும் தாராவித் தமிழரையும் ஒரே விதமாகத் தொடவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பம்பாயின் பழைய கல்லூரிகள் மதத்தோடு பிறந்தவை. ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் வில்சன் 1832-இல் தொடங்கிய பள்ளியிலிருந்து வில்சன் கல்லூரி வளர்ந்தது. ஏசு சபையினர் 1869-இல் செவியர்ஸை நிறுவினர். பத்ருத்தீன் தியாப்ஜி முதலியோர் 1874-இல் தொடங்கிய அஞ்சுமன்-இ-இஸ்லாம் முஸ்லிம் பிள்ளைகளின் நவீனக் கல்விக்கு வழி திறந்தது. இவை அனைத்தும் தென் பம்பாயில், இன்றும் மாணவர்கள் ‘டவுன்’ என்று சொல்லும் பகுதியில் இருந்தன. வடக்கே மாட்டுங்கா அப்போது வயலும் சதுப்புமாகக் கிடந்தது.

1896-இல் வந்த பிளேக் நோய்க்குப் பின், 1898-இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை அமைந்தது. அது வகுத்த தாதர்–மாட்டுங்கா திட்டத்தில் எழுந்த அடுக்குமாடி வீடுகளில் 1920-களிலும் 30-களிலும் தெற்கிலிருந்து வந்த குமாஸ்தாக்களும் கணக்கர்களும் தட்டெழுத்தாளர்களும் குடியேறினர். பெரும்பாலோர் தஞ்சை, பாலக்காடு, திருநெல்வேலிப் பிராமணர்கள். அரசுப் பணிகளைச் சமூகவாரியாகப் பங்கிட்ட சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி உத்தரவே இவர்களை வடக்கே விரட்டியது என்று சொல்வதுண்டு. அது பாதிக் காரணம்தான். ஆங்கிலம் தெரிந்த குமாஸ்தாவுக்குப் பம்பாய் கம்பெனிகளில் இருந்த கிராக்கி அந்த உத்தரவுக்கு முன்பே தொடங்கிவிட்டது. வரலாற்றாசிரியர் நிகில் ராவ் ‘ஹவுஸ், பட் நோ கார்டன்’ (2013) என்ற நூலில் இந்த வீடுகளை ஆராய்கிறார். ஊரில் ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்காத உட்பிரிவினர் மாட்டுங்காவில் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கி, ‘தென்னிந்தியர்’ என்ற புதிய அடையாளத்துக்குள் வந்தது அவர் காட்டும் சித்திரம். அந்தப் படிக்கட்டில் ஆதிதிராவிடர் ஏறவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

1932-இல் எம்.வி. வெங்கடேஸ்வரன் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கம், அதாவது எஸ்.ஐ.இ.எஸ்., இந்தச் சூழலின் குழந்தை. பெயரில் மதமும் இல்லை, சாதியும் இல்லை. ஆயினும் சங்கம் 1998-இல் ஏற்படுத்திய தேசிய விருதுக்குக் காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதியின் பெயர்தான். விருதைப் பெற்றோர் பல துறையினர், பல மதத்தினர். எனினும் ‘ஐயர் கல்லூரி’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று கேட்பவருக்கு இதுவும் ஒரு விடை.

அக்கம்பக்கத்தில் வேறு கல்லூரிகளும் எழுந்தன. புனேயின் சிக்ஷண பிரசாரக் மண்டலி ரூயாவை 1937-இலும் போதாரை 1941-இலும் மாட்டுங்காவில் தொடங்கியது. அதே 1937-இல் அமிர்தசரசின் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் குழு குருநானக் கால்சா கல்லூரியைத் திறந்தது. சீக்கியர் அதிகமில்லாத பம்பாயில் கால்சா ஏன்? இங்கே சற்று நிற்கலாம். 1935 அக்டோபரில் இயோலாவில் அம்பேத்கர், தாம் இந்துவாகச் சாகப் போவதில்லை என்று அறிவித்தார். அடுத்த இரு ஆண்டுகளில் சீக்கிய மதம் அவருடைய பரிசீலனையில் இருந்தது. அமிர்தசரசோடு பேச்சும் நடந்தது. மாட்டுங்கா கால்சா அந்தப் பேச்சுக் காலத்தில் பிறந்த கல்லூரி. அம்பேத்கர் சீக்கியராகவில்லை, 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தம் தழுவினார். 1946-இல் அவருடைய மக்கள் கல்விக் கழகம் சித்தார்த் கல்லூரியைத் தொடங்கியது. தலித் மாணவர்களுக்கு இடம் தருவது யார் என்ற கேள்வியும் மதம் மாறுவது பற்றிய கேள்வியும் ஒரே காலத்தில், ஒரே நகரத்தில் பின்னிக் கிடந்தன. இன்று கால்சாவின் வாசலில் நிற்கும் மாணவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கதை எட்டியிருக்கும் என்று தெரியவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது கட்-ஆஃப்.

மாட்டுங்காவுக்கு மேற்கே, மாஹிம் கழிமுகத்தை ஒட்டிய தாராவியில் தமிழர் குடியேற்றம் இன்னும் பழையது. தோல் வணிகத்தோடு வந்த தமிழ் முஸ்லிம்கள், தோல் பதனிடும் கூடங்களில் உழைத்த திருநெல்வேலி ஆதிதிராவிடர், பின்னால் வந்த நாடார், தேவர், கிறிஸ்தவர். கல்பனா சர்மா எழுதிய ‘ரீடிஸ்கவரிங் தாராவி’ (2000), 1887-இல் எழுந்த பெரிய பள்ளிவாசலையும் 1913-இல் ஆதிதிராவிடர் கட்டிய பிள்ளையார் கோயிலையும் பதிவு செய்கிறது. மாட்டுங்காவின் அடுக்குமாடிகளுக்கு முன்பே இங்கே தமிழ் வழிபாட்டிடங்கள் இருந்தன. கல்லூரி கட்டும் பணம்தான் இல்லை.

1960-இல் எஸ்.ஐ.இ.எஸ். தன் கலை அறிவியல் கல்லூரியை சயான் மேற்கில் அமைத்தபோது, அது தாராவியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் வந்து நின்றது. ஆனால் மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகள் நெடுங்காலம் பெரும்பாலும் ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டன. எட்டாம் வகுப்பில் மொழி மாறிய பிள்ளை தடுக்கி விழும். விழுந்த பிள்ளை தோல் கூடத்துக்கோ இட்லி வியாபாரத்துக்கோ போய்விடும். கல்லூரி வாசல் வரை வந்த சிலரிடம் ‘அது நமக்கில்லை’ என்ற எண்ணம் இருந்தது. மாட்டுங்காத் தமிழுக்கும் தாராவித் தமிழுக்கும் உச்சரிப்பு வேறு. வாயைத் திறந்தால் தெரு தெரிந்துவிடும்.

வெளியாட்களுக்கோ இந்த வேறுபாடு கண்ணில் படவேயில்லை. 1960-இல் பால் தாக்கரே தொடங்கிய ‘மார்மிக்’ வார இதழ், கம்பெனிகளில் பணிபுரிந்த தென்னிந்தியர் பெயர்களைப் பட்டியல் போட்டது. 1966 ஜூன் 19 அன்று சிவசேனை பிறந்தது. லுங்கி கட்டியவன் எல்லாம் ஒரே ஆள் என்ற அந்த இயக்கத்தின் பார்வையில், மாட்டுங்காக் கணக்கரும் தாராவித் தோல் தொழிலாளியும் ஒரே மதராசி. அடி வாங்கும்போது வந்த இந்தச் சமத்துவம் கல்லூரிச் சேர்க்கையில் வரவில்லை.

அடுத்த திருப்பம் உச்ச நீதிமன்றத்தில் நிகழ்ந்தது. ஆந்திரத்தில் பட்டியல் பழங்குடியாகப் பிறந்து, சிறுவயதில் பம்பாய் வந்து, அங்கேயே படித்த மாணவர் ஒருவர் பம்பாய் சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் பழங்குடி ஒதுக்கீட்டில் இடம் கேட்டார். அவருடைய தகப்பனார் பொதுத்துறை உர நிறுவனமான ராஷ்டிரிய கெமிக்கல்ஸில் ஊழியர். அந்த நிறுவனம் இருப்பது செம்பூரில். மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கு என்று அறியப்படும் இதில் 1990-இல் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது: ஒரு மாநிலத்தின் பட்டியலில் உள்ளவர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அந்த உரிமை தொடராது, பின்தங்கிய நிலை அந்தந்த மாநிலச் சூழலோடு சேர்ந்தது. 1994-இல் மகாராஷ்டிரத்தின் சாதிச் சான்றிதழ் பற்றியே எழுந்த இன்னொரு வழக்கிலும் நீதிமன்றம் அதையே உறுதிசெய்தது.

தாராவிக்கு இதன் பொருள் என்ன? பட்டியல் சாதிச் சான்றிதழ் வேண்டுமானால் சாதிப் பெயர் மகாராஷ்டிரத்தின் பட்டியலில் இருக்க வேண்டும். குடும்பம் 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே இம்மாநிலத்தில் வாழ்ந்ததற்கு ஆவணமும் வேண்டும். குடிசைவாசிகள் பலரிடம் இருக்கும் மிகப் பழைய அரசுக் காகிதம் 1976 குடிசைக் கணக்கெடுப்புக்குப் பின் தந்த போட்டோபாஸ். தாத்தா 1930-இல் வந்தார் என்பதற்குச் சாட்சி சொல்ல வேண்டிய வாடகைச் சீட்டும் பள்ளிப் பதிவேடும் மழையிலும் தீயிலும் போயிருக்கும். திருநெல்வேலியில் தீண்டாமைக்கு ஆளான குடும்பம் தாராவியில் சட்டப்படி பொதுப்பிரிவு ஆகிவிடுகிறது. தீர்ப்பின் தர்க்கம் எனக்கு விளங்குகிறது. ஆனால் சாதி ரயிலேறி வருவதில்லை என்று நம்பினால் மட்டுமே அந்தத் தர்க்கம் நிற்கும்.

சாதிக் கதவு இப்படி அடைபட்ட காலத்திலேயே மொழிக் கதவு அகலமாகத் திறந்தது. அரசியல் சாசனத்தின் 30(1) பிரிவு மதச் சிறுபான்மையினருக்கும் மொழிச் சிறுபான்மையினருக்கும் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமை தருகிறது. 1991 செயிண்ட் ஸ்டீபன்ஸ் தீர்ப்பு, அத்தகைய கல்லூரிகள் தம் சமூகத்தாருக்கு 50 விழுக்காடு வரை இடம் வைத்துக்கொள்ளலாம் என்றது. 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் பதினொரு நீதிபதிகள் அந்த உச்சவரம்பைத் தளர்த்தியதோடு, சிறுபான்மையைத் தீர்மானிக்கும் அலகு மாநிலம் என்றும் சொன்னார்கள். ஆகவே சென்னையில் பெரும்பான்மையாக இருக்கும் தமிழ், மும்பையில் சிறுபான்மை. குஜராத்தி, சிந்தி, கன்னடம், இந்தி எல்லாமே அப்படித்தான். 2009-இல் மும்பையில் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை இணைய வழிக்கு மாறியதும், சிறுபான்மைப் பிரிவு விண்ணப்பத்தில் ஒரு தெரிவாகவே ஆகிவிட்டது.

இப்போது தாராவியின் ஒரே சந்தில் நான்கு தமிழ்ப் பிள்ளைகளை நிறுத்திப் பார்ப்போம். தமிழ் முஸ்லிம் பிள்ளைக்கு இரண்டு கதவு: எஸ்.ஐ.இ.எஸ்.ஸில் மொழியால், முஸ்லிம் கல்லூரிகளில் மதத்தால். ஆனால் உருதுப் பேச்சு சூழ்ந்த முஸ்லிம் கல்லூரியில் அவர் மதராசி; தமிழ்க் கல்லூரியில் அவர் முஸ்லிம். கிறிஸ்தவ நாடார் பிள்ளைக்கும் இரண்டு கதவு. ஆதிதிராவிடக் கிறிஸ்தவருக்கு, 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி உரிமை எந்த மாநிலத்திலும் இல்லை. அவர் இழந்த சாதிக் கதவுக்குப் பதில் மதக் கதவு உண்டு. இந்து ஆதிதிராவிடருக்குத் தமிழ் என்ற ஒற்றைக் கதவுதான் மிச்சம். அது திறப்பதோ, அவருடைய பாட்டனார் ‘நமக்கில்லை’ என்று கடந்துபோன கல்லூரியில்.

இந்தக் கதவுக்கு மொழித் தேர்வு கிடையாது என்பது கவனிக்கத்தக்கது. செம்பூரில் ஆங்கிலவழியில் படித்து, தமிழில் தன் பெயரை எழுதத் தெரியாத பிள்ளையும், தாராவி மாநகராட்சிப் பள்ளியில் தமிழ்வழியில் படித்த பிள்ளையும் ஒரே தமிழ் இடத்துக்குப் போட்டியிடுகிறார்கள். வரிசைப்படுத்துவது மதிப்பெண். டியூஷனுக்குப் பணம் கட்டிய வீடு முந்துகிறது. ஆயினும், மாட்டுங்காவின் பழைய குடும்பங்கள் முலுண்டுக்கும் நவி மும்பைக்கும் அமெரிக்காவுக்கும் நகர்ந்தபின் தாராவி, ஆன்டாப் ஹில், சயான் கோலிவாடாப் பிள்ளைகளுக்கும் வழி கொஞ்சம் கிடைத்தது. நிரம்பாத சிறுபான்மை இடங்கள் பொதுச் சேர்க்கைக்குத் திரும்பிப் போகின்றன. அவற்றில் மராத்திப் பிள்ளைகளும் உ.பி. பிள்ளைகளும் உட்காருகிறார்கள். முத்திரைக்கும் வகுப்பறைக்கும் உள்ள தூரம் அங்கேதான் தெரியும்.

மாணவர்களோ இதையெல்லாம் எடை போட்டுத் தேர்வதாகத் தெரியவில்லை. ரயில் பாஸ் எந்த வழித்தடம், நண்பர்கள் எங்கே, அக்கா எங்கே படித்தாள் என்பவையே முதல் கேள்விகள். முத்திரை அதற்குப் பிறகு, அச்சமாக வேலை செய்கிறது: அங்கே போனால் என்னைப் போல யாராவது இருப்பார்களா?

இறுதியாக ஒரு சட்டச் சிக்கல். 2005-இல் நிறைவேறிய 93-ஆவது திருத்தம் சேர்த்த 15(5) பிரிவு, சிறுபான்மை நிறுவனங்களுக்கு இடஒதுக்கீட்டிலிருந்து விலக்கு அளித்தது. 2025 மே மாதம் மகாராஷ்டிர அரசு, பதினொன்றாம் வகுப்பில் சிறுபான்மைக் கல்லூரிகளின் பொது இடங்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்பட்டோர் ஒதுக்கீட்டை நீட்டித்தது. சிறுபான்மை நிறுவனங்கள் வழக்குத் தொடர்ந்தன. ஜூன் மாதம் பம்பாய் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. மாட்டுங்கா, சயான், செம்பூரின் பெயர்பெற்ற கல்லூரிகளில் பல சிறுபான்மைத் தகுதி பெற்றவை. எனவே போட்டோபாஸைத் தாண்டி 1950-க்கு முந்தைய காகிதத்தை எப்படியோ தேடிப் பிடித்துச் சாதிச் சான்றிதழ் வாங்கிய தாராவி மாணவருக்கும், வீட்டுக்கு மிக அருகிலுள்ள கல்லூரியில் அந்தச் சான்றிதழ் பயன்படாது. அங்கே கேட்பது எல்.சி.யில் எழுதிய தாய்மொழி.