ஷூபாவுக்குத் தங்கம் கொடுத்த கணக்கு

1972 பிப்ரவரி. ஜப்பானின் சப்போரோ நகரில் குளிர்கால ஒலிம்பிக்ஸ். பெண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங்கின் கடைசிச் சுற்றை மட்டும் டிவியில் பார்த்தவர்களுக்கு முடிவு சுத்தமா புரிந்திருக்காது. அன்று எல்லாரையும் விடச் சிறப்பாக ஆடிய அமெரிக்காவின் ஜேனட் லின்னுக்கு வெண்கலம். அந்தச் சுற்றில் இரண்டாவதாக வந்த கனடாவின் கேரன் மாக்னுசனுக்கு வெள்ளி. ஏழாவதாக வந்த ஆஸ்திரியாவின் பியாட்ரிக்ஸ் ஷூபாவுக்குத் தங்கம். அதுவும் இழுபறியில் கிடைத்த தங்கம் இல்லை. ஒன்பது நடுவர்களும் அவரைத்தான் முதலிடத்தில் வைத்திருந்தார்கள்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. ஷூபாவுக்கு ஆடத் தெரியாது, கோடு போட மட்டும்தான் தெரியும். விதி தப்பு, அதனால் லின் ஏமாற்றப்பட்டார். பிறகு விதியைத் திருத்தினார்கள், நியாயம் ஜெயித்தது. கேட்க நல்லா இருக்கு. ஆனால் முடிவுப் பட்டியல்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கதை இப்படி நேர்கோட்டில் போவதில்லை.

முதலில், "கோடு போடுவது" என்றால் என்ன? ஃபிகர் ஸ்கேட்டிங் என்ற பெயரிலேயே இருக்கும் அந்த "ஃபிகர்" ஆட்டக்காரியின் உருவத்தைக் குறிப்பதல்ல. பனித்தரையில் ஸ்கேட்டின் விளிம்பால் வரையும் வடிவம் அது. இதற்குத் தனிச் சுற்றே இருந்தது, கட்டாய வடிவங்கள் என்று. இசை கிடையாது, குதிப்பது கிடையாது, ஜிகினா உடை கிடையாது. ஒற்றைக் காலில் ஒரு வட்டம், மறு காலில் இன்னொரு வட்டம், ஆக ஒரு எட்டு. ஒவ்வொரு வட்டத்தின் விட்டமும் ஆளின் உயரத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அதற்குள் திருப்பங்கள், சுழிகள் என்று சிக்கல் கூடிக்கொண்டே போகும். அதே வடிவத்தை அதே கோட்டின் மேலேயே மறுபடி மறுபடி, மொத்தம் மூன்று தடவை வரைய வேண்டும். முடித்ததும் நடுவர்கள் பனியில் இறங்கி, குனிந்து, மூன்று கோடும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்திருக்கிறதா, திருப்பத்தில் விளிம்பு மாறிய இடம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சிக்குக் கோலத்தை ஒரே இழுப்பில் போட்டு, கையை எடுக்காமல் அதே இழையின் மேல் இன்னும் இரண்டு தடவை போய் வா என்று சொல்வது மாதிரி. கைக்குப் பதில் ஒற்றைக் கால், மாவுக்குப் பதில் கத்தி முனை.

இதில் ஷூபாவை நெருங்க ஆளே கிடையாது. வரலாற்றிலேயே மிகச் சிறந்தவர் என்று அவரைச் சொல்பவர்கள் இன்றும் உண்டு. உயரமான ஆள், உடம்பின் எடையை ஒரு விளிம்பின் மேல் அசையாமல் நிறுத்தி, வேகம் குறையாமல் வட்டத்தை முடிப்பார். குதிப்பதும் சுழல்வதும் அவருக்கு அந்த அளவுக்கு வரவில்லை, உண்மைதான். ஆனால் உலகின் தலைசிறந்த பெண்கள் கூடிய இடத்தில் ஏழாவது வந்தவரை "ஆடத் தெரியாதவர்" என்று சொல்வது ரொம்ப அதிகம்.

லின் நேர் எதிர். இல்லினாய் மாநிலத்தின் ராக்டன் என்ற சின்ன ஊரில் ஸ்லாவ்கா கோஹவுட்டிடம் பயின்றவர். 1969 முதல் 1973 வரை தொடர்ந்து ஐந்து முறை அமெரிக்க சாம்பியன். அந்தக் காலத்துப் பெண்கள் பெரும்பாலும் காற்றில் இரண்டு சுற்றுதான் சுற்றுவார்கள், எனவே சுற்றின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் வராது. வித்தியாசம் இருந்தது எப்படி இறங்குகிறார், அடுத்த அசைவுக்கு எப்படி நழுவுகிறார் என்பதில். லின்னின் பழைய வீடியோக்களைப் பார்த்தால் எங்கே ஒரு அசைவு முடிந்தது, எங்கே அடுத்தது தொடங்கியது என்று பிரிக்கவே முடியாது. குதிப்பதற்கு முன்னால் "இதோ குதிக்கப் போறேன்" என்று தயாராகும் அந்த நீண்ட ஓட்டம் அவரிடம் இல்லை. சப்போரோவில் ஒரு சுழற்சியின்போது பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். சிரித்துக்கொண்டே எழுந்து ஆடினார். விழுந்த பிறகும் ஒரு நடுவர் அவருக்குக் கலை மதிப்பெண்ணில் 6.0, அதாவது முழு மார்க் கொடுத்தார். அந்தச் சிரிப்புக்காக ஜப்பான் இன்றுவரை அவரைக் கொண்டாடுகிறது.

மாக்னுசன் இந்த இருவருக்கும் நடுவில். கோடும் வரும், ஆட்டமும் வரும், எதிலும் பள்ளம் கிடையாது. 1969-ல் கால் எலும்புகளில் விரிசல் விழுந்து உலகப் போட்டியிலிருந்து விலகியவர், அதிலிருந்து மீண்டு வந்திருந்தார். ஷூபாவையும் லின்னையும் பற்றிப் பேசுகிறவர்கள் இவரை மறந்துவிடுவது எனக்கு எப்போதும் வியப்பு.

இனி கணக்கு. 1972-ல் கட்டாய வடிவங்களுக்கு 50 சதவீதம், ஃப்ரீ ஸ்கேட்டிங்குக்கு 50 சதவீதம். அதற்குச் சில வருடங்கள் முன்புவரை வடிவங்களுக்கு 60 சதவீதம் இருந்தது, குறைத்த பிறகும் இந்த நிலை. சப்போரோவில் வடிவங்களில் ஷூபா 1, மாக்னுசன் 3, லின் 4. இரண்டாவது இடம் இன்னொரு அமெரிக்கரான ஜூலி ஹோம்ஸுக்கு. ஃப்ரீ ஸ்கேட்டிங்கில் லின் 1, மாக்னுசன் 2, ஷூபா 7. மொத்தப் புள்ளிகள்: ஷூபா 2751.5, மாக்னுசன் 2673.2, லின் 2663.1. இது ஒன்பது நடுவர்களின் கூட்டுத்தொகை. வகுத்துப் பார்த்தால் ஷூபாவுக்கும் மாக்னுசனுக்கும் இடையே ஒரு நடுவருக்கு 8.7 புள்ளி. மாக்னுசனுக்கும் லின்னுக்கும் இடையே ஒரு புள்ளியை ஒட்டித்தான்.

ப்ளஸ் டூ மார்க்கையும் என்ட்ரன்ஸ் மார்க்கையும் சேர்த்து கட்-ஆஃப் போட்ட காலத்தில் பி.இ. சேர்ந்தவன் நான். அதனால் எனக்கு உடனே தோன்றிய கேள்வி: சதவீதத்தைத் தொடாமல், கூட்டும் முறையை மட்டும் மாற்றினால் என்ன ஆகும்?

1972-ல் ஒவ்வொரு நடுவரும் இரண்டு சுற்றிலும் கொடுத்த புள்ளிகளை அப்படியே கூட்டினார்கள். வடிவங்களில் எவ்வளவு பெரிய இடைவெளியில் முந்தினாலும் அது முழுசா அடுத்த சுற்றுக்கு வந்து சேரும். 1980-களின் தொடக்கத்தில் இதை மாற்றி, ஒவ்வொரு சுற்றிலும் எத்தனையாவது இடம் என்பதை மட்டும் எடுத்து, அதற்கு எடை கொடுத்துக் கூட்டினார்கள். குறைந்த எண் வாங்குபவர் வெற்றி. சமநிலை என்றால் ஃப்ரீ ஸ்கேட்டிங்கில் முந்தியவர். அந்த விதியைச் சப்போரோவுக்குப் போட்டுப் பார்த்தால்: ஷூபா 1+7=8. மாக்னுசன் 3+2=5. லின் 4+1=5. ஹோம்ஸ் ஃப்ரீயில் மூன்றாவது வந்ததாகத் தாராளமாக வைத்துக்கொண்டாலும் 5-க்குக் கீழே போக முடியாது. சமநிலை உடைந்து தங்கம் லின்னுக்கு, வெள்ளி மாக்னுசனுக்கு.

அதாவது 50-50 என்பதில் கை வைக்கவே வேண்டாம். கூட்டல் முறையை மாற்றினாலே சாம்பியன் மாறிவிடுகிறார். அப்படியென்றால் எந்த முறை சரி? எனக்கு இதில் ஒரு பக்கச் சாய்வு இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்: அந்த இடத்தில் ஷூபாவின் தங்கம் நியாயமானதுதான். ஒருவர் மற்றவர்களை மயிரிழையில் முந்துவதும் மைல் கணக்கில் முந்துவதும் ஒன்றா? இடத்தை மட்டும் எண்ணும் முறை இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. ஷூபா எத்தனையோ வருடம் விடிகாலையில் எழுந்து சேர்த்து வைத்த இடைவெளியை அது வெறும் "1" என்று எழுதிவிட்டுப் போய்விடும். பரீட்சையில் என்ன கேட்பார்கள் என்று முன்கூட்டியே எல்லாருக்கும் தெரியும். அவர் அந்தப் பரீட்சையில் முதலாவது வந்தார், அவ்வளவுதான்.

பிரச்சினை டிவிதான். வடிவங்களை ஒளிபரப்ப முடியாது, வெள்ளைத் தரையில் வெள்ளைக் கோடு, யார் பார்ப்பார்கள்? பார்வையாளருக்குத் தெரிந்தது பாதிப் பரீட்சை, ரேங்க் மட்டும் முழுப் பரீட்சைக்கு. இந்தக் குழப்பம் நீடிக்க முடியாது இல்லையா? 1973 பருவத்தில் மாற்றம் வந்தது. வடிவங்கள் 40 சதவீதம், புதிதாக ஷார்ட் புரோகிராம் 20 சதவீதம், ஃப்ரீ ஸ்கேட்டிங் 40 சதவீதம். குறிப்பிட்ட சில குதிப்புகளையும் சுழற்சிகளையும் கட்டாயம் செய்ய வேண்டிய சின்ன ஆட்டம்தான் ஷார்ட் புரோகிராம். லின் மாதிரி ஆட்களுக்காகவே தைத்த சட்டை என்று பேசிக்கொண்டார்கள்.

அந்த வருட உலகப் போட்டி பிராட்டிஸ்லாவாவில். ஷூபா அதற்குள் விலகியிருந்தார். லின் வடிவங்களுக்காகக் கடுமையாக உழைத்து, அதில் இரண்டாவது இடம் பிடித்தார். ஃப்ரீ ஸ்கேட்டிங்கில் வழக்கம்போல முதலிடம். நடுவில் ஷார்ட் புரோகிராமில் இரண்டு முறை விழுந்தார். பன்னிரண்டாவது இடம். உலகப் பட்டம் மாக்னுசனுக்கு. லின்னுக்கு உதவும் என்று நினைத்த சுற்றுதான் அவர் பட்டத்தைப் பறித்தது. பள்ளமே இல்லாத ஆளுக்குத்தான் மூன்று சுற்று விதி பொருந்தியது. அதற்குப் பிறகு ஒரு கனடியப் பெண் மறுபடி உலக சாம்பியனாக 2018 வரை, கேட்லின் ஆஸ்மண்ட் வரும்வரை ஆனது. லின் உலகப் பட்டம் இல்லாமலேயே ஐஸ் ஃபாலீஸ் நிறுவனத்தோடு மூன்று வருடத்துக்கு 14.5 லட்சம் டாலர் ஒப்பந்தம் போட்டுத் தொழில்முறைக்குப் போனார். (ஷூபாவும் அங்கேதான் போனார். "பார்க்க அலுப்பு" என்று சொல்லப்பட்டவர் 1978 வரை மேடைக் காட்சிகளில் ஆடிக்கொண்டிருந்தார்!)

வடிவங்களின் எடை அதன் பிறகு 30, கடைசியாக 20 என்று தேய்ந்தது. தேய்ந்த பிறகும் ஒரு கடி கடித்துவிட்டுத்தான் போனது. 1990, ஹாலிஃபாக்ஸ், வடிவங்கள் இடம்பெற்ற கடைசி உலகப் போட்டி. போட்டியில் மூன்றரைச் சுற்று ஆக்செல் குதித்த முதல் பெண்ணான ஜப்பானின் மிடோரி இதோ, மற்ற இரண்டு சுற்றிலும் முதலிடம், வடிவங்களில் பத்தாவது. அமெரிக்காவின் ஜில் ட்ரெனரி வடிவங்களில் முதலிடம், மற்றவற்றில் 5, 2. எடைகள் முறையே 0.4, 0.6, 1.0. போட்டுப் பாருங்கள்: ட்ரெனரி 5.4, இதோ 5.6. வடிவங்களில் இதோ ஒரே ஒரு இடம் முன்னால் வந்திருந்தால் 5.2. பட்டம் அவருக்கு.

அத்தோடு அந்தச் சுற்று முடிந்தது. எடை பூஜ்யம் ஆனதும் பயிற்சியும் போனது. மணிக்கணக்கில் வட்டம் வரையும் அந்தப் பழக்கத்தோடு, லின்னின் ஆட்டத்தில் நாம் ரசிக்கிற அந்த நழுவலுக்கு ஆதாரமான விளிம்புப் பிடியும் சேர்ந்து தேய்ந்தது என்று பழைய ஆட்கள் சொல்வதை நான் நம்புகிறேன். லின்னும் அந்த வடிவங்களில் வளர்ந்தவர்தானே.

2015-ல் நியூயார்க் மாநிலத்தின் லேக் பிளாசிடில் வடிவங்களுக்கு மட்டும் தனியாக ஒரு போட்டியை மறுபடி தொடங்கினார்கள். தரைக்குக் கறுப்பு ஐஸ் போட்டிருக்கிறார்கள். கத்தி போன தடம் வெள்ளையாக, கேமராவுக்கே பளிச்சென்று தெரிகிறது.