கடுங்குளிரியல்

கடுங்குளிரியல் என்பது மிகத் தாழ்ந்த வெப்பநிலையை உண்டாக்கவும், காத்து வைக்கவும், அதில் பொருள்களின் தன்மை எப்படி மாறுகிறது என்று அறியவும் உதவும் அறிவியல் துறை. செய்தித்தாள்களில் ‘கிரையோஜெனிக்’ என்று வருவது இதுவே. பொதுவாக மைனஸ் 150 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இத்துறையின் எல்லை தொடங்குகிறது. வீட்டு ஃபிரிட்ஜின் ஃபிரீசர் மைனஸ் 18 டிகிரி அளவில் நின்றுவிடும். குளிர் இறங்கக்கூடிய கடைசிப் படி, தனிச்சுழி எனப்படும் மைனஸ் 273.15 டிகிரி.

ராக்கெட்டோடு சேர்த்தே பேசப்படும் இத்துறை, கடலூர் மாவட்டத்தின் வெள்ளாற்றங்கரை ஊரான திட்டக்குடியைச் சுற்றியுள்ள மாட்டுக்கொட்டகைகளுக்கும் உரியது. பசுவுக்குச் செயற்கைக் கருவூட்டலாகப் போடும் சினை ஊசியின் பின்னால் இருப்பது மைனஸ் 196 டிகிரிக் குளிர்.

உண்டாக்கும் முறை

காற்றை அழுத்தினால் சூடேறும். அந்தச் சூட்டை வெளியேற்றிவிட்டு, சிறு துளை வழியே விரியவிட்டால் காற்று குளிரும். அப்படிக் குளிர்ந்த காற்றால் அடுத்து வரும் காற்றைக் குளிர்வித்து, இதையே திரும்பத் திரும்பச் செய்தால் காற்று திரவமாகிவிடும். 1895இல் ஜெர்மனியின் கார்ல் வான் லிண்டே இம்முறையைத் தொழிலுக்கு ஏற்றபடி அமைத்தார். ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியிலும் நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரியிலும் கொதிப்பதால், திரவக் காற்றிலிருந்து இரண்டையும் தனித்தனியே பிரித்தெடுக்கலாம்.

ஜேம்ஸ் டூவார் 1898இல் ஹைட்ரஜனைத் திரவமாக்கினார். அதன் கொதிநிலை மைனஸ் 253 டிகிரி. நெதர்லாந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஆன்னஸ் 1908இல் ஹீலியத்தைத் திரவமாக்கி, மைனஸ் 269 டிகிரியை எட்டினார். 1911இல், அந்தக் குளிரில் பாதரசம் மின்தடையை முற்றிலும் இழப்பதை அவரே கண்டறிந்தார். மீக்கடத்திகளின் வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது.

உண்டாக்கிய குளிரைக் காப்பது இன்னொரு கலை. டூவார் 1892இல் இரட்டைச் சுவர் கொண்ட குடுவை செய்து, சுவர்களின் நடுவே இருந்த காற்றை உறிஞ்சி எடுத்தார். வெற்றிடத்தைக் கடந்து வெப்பம் எளிதில் உள்ளே போகாது. வீட்டில் காபி ஊற்றி வைக்கும் ஃபிளாஸ்க்கும் திரவ நைட்ரஜன் வைக்கும் கலனும் இந்தக் குடுவையின் வழிவந்தவை.

விண்வெளியிலும் மருத்துவத்திலும்

வாயுவாக இருக்கையில் பெரும் இடத்தை அடைக்கும் ஹைட்ரஜன், திரவமானால் ராக்கெட்டின் தொட்டிக்குள் அடங்கும். திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ வளாகத்தில் திரவ ஹைட்ரஜனையும் திரவ ஆக்சிஜனையும் எரிக்கும் எஞ்சின்கள் சோதிக்கப்படுகின்றன. உள்நாட்டில் உருவான கிரையோஜெனிக் எஞ்சின் 2010 ஏப்ரலில் முதல் பயணத்தில் தோற்றது. 2014 ஜனவரி 5 அன்று ஜி.எஸ்.எல்.வி. டி5 ராக்கெட்டில் வென்றது. 2023 ஜூலையில் சந்திரயான்-3ஐ ஏந்திச் சென்ற ராக்கெட்டின் மேல்நிலையில் இருந்தது இதைவிடப் பெரிய சி.இ.-20 எஞ்சின்.

மருத்துவமனைக்கும் திரவ ஆக்சிஜன் வேண்டும். ஒரு லிட்டர் திரவம் சுமார் 860 லிட்டர் வாயுவாக விரியும். 2021இல் கொரோனா இரண்டாம் அலையில் நோயாளிகள் மூச்சுக்குத் தவித்தபோது, மகேந்திரகிரியிலிருந்தும் மருத்துவமனைகளுக்குத் திரவ ஆக்சிஜன் போனது. எம்.ஆர்.ஐ. கருவியின் மீக்கடத்திக் காந்தத்தைக் குளிரூட்டுவது திரவ ஹீலியம்.

உறைவிந்து

சினை ஊசியில் செலுத்துவது உறையவைத்த காளை விந்து. உயிரணுவை அப்படியே உறையவைத்தால் பனிப்படிகங்கள் அதைச் சிதைத்துவிடும். கிளிசரால் சேர்த்தால் இந்தச் சேதம் குறையும் என்பதை 1949இல் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் ஆகிய மூவரும் இங்கிலாந்தில் கண்டறிந்தனர். தமிழ்நாட்டில் உதகமண்டலம், ஓசூர், ஈச்சங்கோட்டை ஆகிய இடங்களில் உறைவிந்து தயாராகிறது. கால் மில்லிலிட்டர் கொள்ளும் மெல்லிய குச்சியில் விந்து அடைக்கப்படுகிறது. எந்தக் காளை என்பது குச்சியின் மேலேயே அச்சாகியிருக்கும். குச்சி மூழ்கியிருக்கும் திரவ நைட்ரஜனின் மைனஸ் 196 டிகிரிக் குளிரில் உயிரணுவின் இயக்கம் நின்றுவிடுவதால், காளை இறந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் அதன் கன்று பிறக்க முடியும். உம்பளச்சேரி, காங்கேயம் போன்ற நாட்டு இனங்களைக் காக்க இது பெருந்துணை.

சினைப்பருவத்துக்கு வந்த மாடு கத்தும். காலையில் கத்தினால் மாலையில் ஊசி போடுவது வழக்கம். குச்சிகள் இருக்கும் நைட்ரஜன் கலனின் மூடியைத் திறந்ததும் வெண்புகை வழிந்து இறங்கும். அது நைட்ரஜன் அல்ல, காற்றின் ஈரம் உறைந்து தெரிவது. இடுக்கியால் எடுத்த குச்சியை 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் வைத்து, ஈரம் போகத் துடைத்து, முனையை வெட்டிக் கருவியில் ஏற்றுவார்கள். ஒருமுறை இளகியதை மறுபடி உறையவைக்கக் கூடாது.

நைட்ரஜன் நாள்தோறும் சிறிது சிறிதாக ஆவியாகும். கலனுக்குள் அளவுகோலை விட்டு எடுத்து, பனி படிந்த உயரத்தைப் பார்த்தே மீதம் எவ்வளவு என்று அறிகிறார்கள். ஆவி வெளியேற வழி வேண்டும் என்பதால் கலனை இறுக மூடக் கூடாது. ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாகி ஆக்சிஜனை விலக்கிவிடும். ஆகவே காற்றோட்டமில்லாத அறையில் வைப்பது உயிருக்கே ஆபத்து.

தயாரித்த இடம் முதல் கொட்டகை வரை இந்தக் குளிர் எங்கும் அறுந்துவிடக் கூடாது. நடுவழியில் நைட்ரஜன் வற்றினால் உள்ளே உயிர் போய்விடும். குச்சியைப் பார்த்து அதை யாரும் சொல்ல முடியாது. சுமார் 21 நாள் கழித்து மாடு மறுபடியும் கத்தும்போதுதான் வளர்த்தவருக்குச் சினை நிற்கவில்லை என்பதே தெரியவரும்.