வாழையும் செடிப்பேனும்

வாழைப் பயிருக்கு நேரும் இடர்களுள் முடிக்கொத்து நோய் மிகக் கொடியது. இந்நோய் பற்றிய மரத்திற் புதிதாகத் தோன்றும் இலைகள் வரவரக் குறுகி, விளிம்பு மஞ்சளித்து, நிமிர்ந்து, உச்சியிற் கொத்தாகக் கூடிநிற்கும். இளமையிற் பற்றப்பட்ட மரம் குலை ஈனாது. அதன் அடியிற் கிளைக்கும் குட்டிகளும் நோயுற்றே வளரும்.

பிஜித் தீவில் 1889 இல் இந்நோய் பதிவுசெய்யப்பட்டது. இலங்கையிலும் அவுஸ்திரேலியாவிலும் 1913 இல் அது தலைகாட்டியது. பிஜியிலிருந்து கொண்டுவரப்பட்ட வாழைக்குட்டிகளோடு அது அவுஸ்திரேலியாவை அடைந்தது எனக் கருதப்படுகின்றது. நியூ சவுத் வேல்ஸ், குவீன்ஸ்லாந்து ஆகிய மாநிலங்களின் எல்லையை அண்டிய டுவீட், கரம்பின் பகுதிகளில் வாழையே பலருக்குச் சீவனோபாயமாயிருந்தது. 1925 ஆம் ஆண்டளவில் அத்தோட்டங்களிற் பெரும்பாலானவை கைவிடப்பட்டன. நோயின் காரணம் துலங்காமையால், அதனைத் தடுக்கும் வழியும் புலப்படவில்லை.

1924 இல் இதனை ஆராய ஒரு குழு நிறுவப்பட்டது. அதிற் பணியாற்றிய தாவர நோயியல் அறிஞர் மாகீ, நோயுற்ற வாழையில் வாழ்ந்த செடிப்பேன்களை நலமான கன்றுகளில் விட்டுப் பார்த்தார். அக்கன்றுகளும் நோயுற்றன. அவர்தம் முடிவுகள் 1927 இல் வெளியாயின. நோய்க்குக் காரணம் ஒரு வைரசு என்பதும், அதனைச் சுமந்து செல்வது வாழைச் செடிப்பேன் என்பதும் அவற்றால் தெளிவாயின. அந்த வைரசின் துகள்களை அறிஞர் இனங்கண்டது 1990 களின் தொடக்கத்திலேதான்.

இச்செடிப்பேன் இலைமடல்களின் இடுக்கிலும் குருத்திலும் கூட்டமாக ஒதுங்கி வாழும். ஊசிபோன்ற வாயினாற் சாற்றை உறிஞ்சும். நோயுற்ற மரத்திற் சில மணி நேரம் உறிஞ்சினால் வைரசு அதன் உடலிற் சேரும். பின்னர் பல நாட்களுக்கு, அது செல்லும் மரங்களுக்கெல்லாம் நோயைக் கொடுக்கும். எனினும், அது ஈனும் குஞ்சுகள் பிறக்கும்போது வைரசைக் கொண்டிருப்பதில்லை. அவையும் நோயுற்ற மரத்தில் உறிஞ்சியே அதனைப் பெறவேண்டும். ஆகவே, நோயுற்ற மரத்தை அழித்தால் நோயின் ஊற்று அடைபடும்.

அவுஸ்திரேலியர் இவ்வழியையே மேற்கொண்டனர். நோயுற்ற மரத்தின் குருத்தில் முதலில் மண்ணெண்ணெய் ஊற்றிச் செடிப்பேன்களைக் கொன்றனர். அவ்வாறு செய்யாது மரத்தைச் சாய்த்தால், அவை அயல் மரங்களுக்குப் பரவும். அதன்பின் மரத்தைக் கிழங்கோடு அகழ்ந்து அழித்தனர். ஒருவர் மட்டும் இதனைச் செய்வதாற் பயனில்லை; அயலவர் விட்டுவைத்த மரம் அவர் உழைப்பை வீணாக்கும். எனவே, தோட்டங்களைப் பரிசோதிக்கவும், நோயுற்ற மரங்களை அழிப்பிக்கவும், அனுமதியின்றிக் குட்டி நடுவதைத் தடுக்கவும் சட்டம் இயற்றப்பட்டது. அழிந்த தொழில் 1930 களில் மீண்டும் தழைத்தது.

செடிப்பேன் நோயை அயல் மரத்துக்குக் கொண்டு செல்லும். கடல் கடந்து கொண்டு செல்பவன் மனிதனே. இலங்கையிலிருந்து 1940 ஆம் ஆண்டளவில் திருவிதாங்கூரின் கோட்டயம் பகுதிக்கு இந்நோய் சென்றமை இதற்குச் சான்றாகும். நோயுற்ற வாழையைக் குணப்படுத்தும் மருந்து இன்றும் இல்லை. நலமான தோட்டத்திலிருந்து குட்டி தேர்வதும், நோயுற்ற மரத்தைக் கண்டவுடன் தயங்காது அழிப்பதுமே கமக்காரருக்குப் பாதுகாப்பாகும்.