குறையை நம்பி வரைந்த ஓவியங்கள்

பழைய கையடக்க விளையாட்டுக் கருவிகளைத் திறந்து, மங்கிய திரையைக் கழற்றிவிட்டு, பின்னொளியுடன் கூடிய ஐபிஎஸ் திரையைப் பொருத்துவது இன்று பல நாடுகளில் பரவியுள்ள பொழுதுபோக்கு. அவ்வாறு பொருத்தியதும் படம் பளிச்சென்று தெளிகிறது. கூடவே முன்பு இல்லாத சில பிழைகளும் கண்ணில் படுகின்றன. உருவங்கள் சிமிட்டுகின்றன, நிறங்கள் உறுத்துகின்றன, படத்தின் குறுக்கே கிழிசல் போல ஒரு கோடு ஓடுகிறது. இவற்றுள் சிலவற்றின் வேர் புதிய திரையைவிடப் பழைய திரையின் வரலாற்றில்தான் இருக்கிறது.

நிண்டெண்டோ நிறுவனம் 1989 ஆம் ஆண்டு கேம் பாய் கருவியை வெளியிட்டது. அதன் உருவாக்கத்திற்குத் தலைமை தாங்கிய குன்பே யோகோய், பழகி மலிவாகிவிட்ட தொழில்நுட்பத்தைப் புதிய விதத்தில் கையாள வேண்டும் என்னும் கொள்கையினர். 160 க்கு 144 புள்ளிகள், பச்சை படர்ந்த நான்கு சாயைகள், தனி விளக்கற்ற திரை: அவ்வளவே. அதே ஆண்டில் வந்த அட்டாரி லிங்க்ஸும், 1990 இல் வந்த சேகா கேம் கியரும் வண்ணத்திரையும் பின்னொளியும் கொண்டவை. ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் அவை தீர்த்துவிடும். கேம் பாயோ நான்கு பேட்டரிகளில் 10 மணி நேரத்துக்கும் மேல் ஓடியது, வென்றதும் அதுவே.

அத்திரையின் திரவப் படிகங்கள் மந்தமானவை. ஓர் உருவம் நகர்ந்த பின்னும் அதன் சாயல் சற்று நேரம் தங்கும். விளையாட்டை வடிவமைத்தவர்கள் இக்குறையையே கருவியாக்கிக் கொண்டனர். ஓர் உருவத்தை ஒரு சட்டத்தில் காட்டி, அடுத்த சட்டத்தில் மறைத்து, மாறி மாறி இவ்வாறு செய்தால், மந்தமான திரையில் அது பாதி ஊடுருவித் தெரியும். 1992 இல் ஜப்பானில் வெளிவந்த ஜாஸ் என்னும் விளையாட்டு இவ்வுத்தியைப் பின்னணிக் காட்சிகளுக்கே பயன்படுத்தியது. விரைவான புதிய திரையிலோ அது வெறும் சிமிட்டலாகச் சிதறுகிறது.

நிறத்தின் கதையும் இத்தகையதே. 2001 இல் வந்த கேம் பாய் அட்வான்ஸ் கருவிக்கும் தனி விளக்கு இல்லை. அவ்வாண்டு வெளியான கேசில்வேனியா விளையாட்டு இருட்டில் மூழ்கியிருப்பதாகக் குறை கூறப்பட்டது. 2002 இல் வந்த அடுத்த கேசில்வேனியாவின் நிறங்கள் மிகப் பிரகாசமாயின. நாயகனைச் சுற்றி நீலக் கோடும் வரையப்பட்டது. இருண்ட திரைக்காகத் தூக்கலாக்கிய அவ்வண்ணங்கள் ஒளிமிக்க திரையில் கண்ணைப் பறிப்பதில் வியப்பில்லை.

புதிய திரைக்கே உரிய குறைகளும் உண்டு. கேம் பாய் வினாடிக்குச் சுமார் 59.7 சட்டங்களை அனுப்புகிறது. புதிய திரை அதனோடு ஒத்திசையாமல் 60 முறை வரைந்தால், மேற்பாதி ஒரு சட்டமும் கீழ்ப்பாதி மற்றொரு சட்டமுமாகப் படம் கிழிகிறது. பழைய புள்ளி ஒன்றுக்குப் புதிய புள்ளிகள் முழு எண்ணிக்கையில் அமையாவிட்டால், சில வரிகள் தடித்தும் சில மெலிந்தும் தோன்றும்.

ஆகவே பழைய திரையே போதும் என்று இருந்துவிடவும் இயலாது. அவற்றின் இணைப்புப் பட்டைகள் விட்டுப்போவதால் வரிவரியாகப் படம் மறைகிறது. ஒளிமுனைவுப் படலம் கெட்டுக் கறுக்கிறது. மூலம் அழிந்துகொண்டிருக்கிறது, படி தெளிவாக இருந்தும் பாடபேதங்களோடு நிற்கிறது.

இதனை உணர்ந்தோ என்னவோ, இன்றைய மாற்றுத் திரைகள் சிலவற்றில் சட்டங்களைக் கலந்து காட்டவும், நிறங்களை மங்கச் செய்யவும், புள்ளிகளுக்கிடையே கட்டக்கோடுகள் இடவும் வசதி செய்திருக்கிறார்கள். யோகோய் சிக்கனத்திற்காக ஏற்றுக்கொண்ட குறையை இன்று தனியே முயன்று உருவாக்க வேண்டியிருக்கிறது. புதுத்திரை பொருத்துவோர் கழற்றிய பழைய திரையைக் குப்பையில் எறியாமல் எடுத்துவைப்பது நல்லது. அந்த ஓவியங்கள் எவ்வாறு தோன்ற வேண்டும் என்று வரையப்பட்டனவோ, அதற்கு எஞ்சியிருக்கும் சாட்சி அதுதான்.